ஸ்கிரீன் ரீடரோடு ஆடாசிட்டியில் நம்பி ஒலிப்பதிவு செய்ய: முழுமையான வழிகாட்டி

பதிவு ஓடுகிறதா என்று பார்வையுள்ளவர்கள் திரையில் கண்ணை ஓட்டித் தெரிந்துகொள்கிறார்கள். அலைக்கோடு நகரும், மீட்டர் ஏறி இறங்கும், அவ்வளவுதான். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு அது கிடையாது. போதாக்குறைக்கு, பதிவு ஓடும்போது ஸ்கிரீன் ரீடரை இஷ்டத்துக்குப் பேசவிட்டுக் கேட்கவும் முடியாது. கொஞ்சம் அசந்தால் அந்தக் குரலும் மைக்கில் விழுந்துவிடும். ஒரு மணி நேரம் வாசித்து முடித்து நிறுத்திக் கேட்டால் லேப்டாப்பின் உள்மைக்கில் பதிவாகியிருக்கும், அல்லது ஒன்றுமே பதிவாகியிருக்காது. அதே அத்தியாயத்தை அன்றைக்கே மறுபடி வாசிக்கத் தொண்டை இடம் கொடுக்காது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் காதில் விழுகிற, அல்லது எண்ணாகக் கிடைக்கிற ஒரு சான்றை வாங்கிக்கொண்டுதான் அடுத்த கட்டத்துக்கு நகர வேண்டும். "ஓடிக்கொண்டிருக்கும்" என்ற நினைப்பில் பேச ஆரம்பிக்கக் கூடாது. அந்தச் சான்றை எங்கே, எந்தக் கீயை அழுத்தி வாங்குவது என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எந்த மென்பொருள், ஏன்

விண்டோஸ் கணினி, என்விடிஏ ஸ்கிரீன் ரீடர், ஒலியைப் பதிந்து தொகுக்கும் ஆடாசிட்டி மென்பொருளின் 3 வரிசை. இந்த மூன்றையும் வைத்து எழுதுகிறேன். மூன்றில் விண்டோஸுக்கு மட்டும்தான் காசு.

ஆடாசிட்டியை 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரோஜர் டான்னன்பர்க்கும் தொடங்கினார்கள். 2021 முதல் மியூஸ் குழுமத்திடம் இருக்கிறது. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நிறைய ஒலித்தொகுப்பு மென்பொருள்களில் டிராக்குகள் வெறும் படமாக வரையப்படுகின்றன; ஸ்கிரீன் ரீடருக்கு அந்த இடத்தில் எதுவுமே இல்லை. ஆடாசிட்டியில் மேல், கீழ் அம்புக்குறியை அழுத்தினால் டிராக்கின் பெயர், அது தேர்வாகியிருக்கிறதா, மியூட்டில் இருக்கிறதா என்பதெல்லாம் வாசிக்கப்படும். மெனு, உரையாடல் பெட்டி, டிராக்கில் ஓர் இடத்தைக் குறித்துவைக்கும் லேபிள் எல்லாம் கீபோர்டுக்கு அகப்படும்.

என்விடிஏவை 2006-இல் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெஹ். இருவருமே பார்வையற்றவர்கள். அதோடு வரும் ஈஸ்பீக் ஒலிப்பானில் தமிழும் உண்டு. ஆடாசிட்டியின் மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பழகும் காலத்தில் ஆங்கிலத்திலேயே விடுங்கள். உதவி கேட்கும்போதும் பிறர் சொல்வதைப் பின்பற்றும்போதும் மெனுப் பெயர்கள் ஒத்துப்போகும்.

ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரை வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். மாறுகிற இடத்தில் குறிப்பிடுகிறேன். மேக் பயன்படுத்துகிறவர்கள் ஆடாசிட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரீப்பர் என்ற வேறோர் ஒலித்தொகுப்பு மென்பொருளைப் பற்றிக் கடைசியில் சொல்லும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

படி 1: கணினியைப் பதிவுக்குத் தயார் செய்வது

இதை ஒரே ஒரு முறை செய்தால் போதும். ஆனால் பாதிப் பதிவுகள் கெட்டுப்போவது இங்கேதான்.

முதலில் மைக் அனுமதி. விண்டோஸ் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'மைக்ரோபோன்'. அந்தப் பக்கத்தில் டெஸ்க்டாப் மென்பொருள்களுக்கான அனுமதி தனியாக ஒரு சுவிட்சாக இருக்கும். அது அணைந்திருந்தால் ஆடாசிட்டி மைக்கைத் திறக்க முடியாமல் பிழைச்செய்தி காட்டும், இல்லாவிட்டால் வெறும் மௌனத்தைப் பதிவு செய்யும்.

அடுத்து, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, 'எம்எம்சிஸ் புள்ளி சிபிஎல்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். எம், எம், எஸ், ஒய், எஸ், புள்ளி, சி, பி, எல். பழைய ஒலி அமைப்புப் பெட்டி திறக்கும். புதிய செட்டிங்ஸ் பக்கத்தைவிட இது ஸ்கிரீன் ரீடருக்கு எவ்வளவோ மேல். இதில் 'கம்யூனிகேஷன்ஸ்' தாவலுக்குப் போய் 'டு நத்திங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஓர் அழைப்பு வந்ததென்று விண்டோஸ் தானாகவே மற்ற ஒலிகளைத் தாழ்த்திவிடும். 'ரெக்கார்டிங்' தாவலில் உங்கள் மைக்கின் 'பிராப்பர்டீஸ்', அதில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய் மாதிரி வீதத்தை (சாம்பிள் ரேட்) பாருங்கள். ஆடாசிட்டியிலும் அதே எண்தான் இருக்க வேண்டும். 44100 அல்லது 48000, எதுவானாலும் சரி, இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று எதையாவது கண்டால் அணைத்துவிடுங்கள்.

மின்சார அமைப்பில், சார்ஜரில் இருக்கும்போது கணினி உறங்கவே கூடாது என்று வையுங்கள். பேட்டரி சேமிப்பு முறை அணைந்திருக்கட்டும். நம் ஊரில் எந்த நேரமும் கரண்ட் போகும் என்பதால் டெஸ்க்டாப்பைவிட லேப்டாப் நல்லது. டெஸ்க்டாப்தான் என்றால் யுபிஎஸ் இல்லாமல் நீண்ட பதிவில் இறங்க வேண்டாம்.

அப்புறம், சேமிக்கும் இடம். 'டாக்குமென்ட்ஸ்', 'டெஸ்க்டாப்' கோப்புறைகளை விண்டோஸ் பல கணினிகளில் ஒன்டிரைவோடு இணைத்துவைத்திருக்கும். ஆடாசிட்டி தன் புராஜெக்டைச் சேமிக்கும் ஏயுபி3 கோப்பு உண்மையில் ஒரு தரவுத்தளம். பதிவு ஓடும்போது அதில் தொடர்ந்து எழுதப்படுகிறது. அதே நேரத்தில் ஒன்டிரைவும் அதை இணையத்துக்கு ஏற்ற முயன்றால் இரண்டுக்கும் மோதல் வரும். சி அல்லது டி டிரைவில் நேரடியாக 'ஒலிப்பதிவு' என்று ஒரு கோப்புறை போட்டு அதில் மட்டும் சேமியுங்கள். பென் டிரைவில் நேரடியாகப் பதிவு செய்யவே செய்யாதீர்கள். வேலை முடிந்த பிறகு நகல் எடுக்க அதைப் பயன்படுத்தலாம்.

இடம் எவ்வளவு வேண்டும்? 44100 வீதம், 32 பிட் ஃப்ளோட், மோனோ என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி. ஸ்டீரியோவுக்கு அதில் இரட்டிப்பு. ஒருவர் வாசிக்கும் புத்தகத்துக்கு மோனோ தாராளம்.

படி 2: ஸ்கிரீன் ரீடர் குரல் பதிவில் கலக்காமல் பார்த்துக்கொள்வது

இதற்குக் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். வாசிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பின்னணியில் ஒரு இயந்திரக் குரல் முணுமுணுத்தால் அந்தப் பதிவு வீண். குரல் மூன்று வழியில் உள்ளே வரும்.

ஒன்று, ஸ்பீக்கர். இதற்கு விடை ஹெட்போன். வயர் உள்ளது, காதை முழுக்க மூடுவது. புளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதன் மைக்கும் வேலை செய்ய ஆரம்பித்தால் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும், தாமதமும் சேரும்.

இரண்டு, தவறான உள்ளீடு. ஆடாசிட்டியின் உள்ளீட்டுப் பட்டியலில் 'ஸ்டீரியோ மிக்ஸ்' என்றோ, ஸ்பீக்கர் பெயரோடு 'லூப்பேக்' என்றோ இருந்தால் அது கணினிக்குள் ஒலிப்பதைப் பதிவு செய்யும் வழி. அதைத் தேர்ந்தெடுத்தால் என்விடிஏ சொல்வதெல்லாம் சுத்தமாகப் பதிவாகும், உங்கள் குரல் இருக்காது.

மூன்று, ஹெட்போனிலிருந்து கசிவது. இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. சோதிக்க எளிய வழி இருக்கிறது. மைக்கை வாசிக்கும் தூரத்தில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆடாசிட்டியில் பதிவைத் தொடங்குங்கள். வாயைத் திறக்காமல், நோட்பேடில் ஒரு பத்தியை என்விடிஏவை வாசிக்கவிடுங்கள், வழக்கமான சத்தத்தில். 20 விநாடி கழித்து ஆடாசிட்டிக்குத் திரும்பி நிறுத்துங்கள். கண்ட்ரோல் ஏ கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்து, 'எஃபெக்ட்' மெனுவில் 'ஆம்ப்ளிஃபை' போட்டு ஒலியைத் தூக்கிவிட்டுக் கேளுங்கள். விசிறிச் சத்தமும் அறையின் இரைச்சலும் மட்டும் பெரிதாகக் கேட்டால் நல்லது. அதற்குள் என்விடிஏவின் வார்த்தைகள் அடையாளம் தெரிகிற அளவுக்குக் கேட்டால் ஹெட்போன் சத்தத்தைக் குறைத்து மறுபடி சோதியுங்கள்.

திரையிலுள்ள வாக்கியத்தை என்விடிஏ காதில் சொல்ல, அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பதிவு செய்கிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். பிரெயில் டிஸ்பிளே கையில் இருந்தால் தமிழ் பிரெயில் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து விரலால் படித்தபடியே வாசிக்கலாம். கசிவுப் பிரச்சினையே வராது. அந்தக் கருவியின் விலைதான் பலரைத் தடுக்கிறது.

இனி, பதிவு நேரத்தில் என்விடிஏவை எந்த நிலையில் வைப்பது? என்விடிஏ கீ என்பது இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக். அதோடு எஸ் அழுத்தினால் பேச்சு முறை மாறும். 2024.1 பதிப்பிலிருந்து அதில் 'ஆன் டிமாண்ட்' என்று ஒரு முறை சேர்ந்திருக்கிறது. அதில் வைத்தால் என்விடிஏ தானாக எதையும் சொல்லாது. நேரம், தலைப்பு, ஸ்டேட்டஸ் பார் என்று நாம் குறிப்பிட்டுக் கேட்டால் மட்டும் சொல்லும். ஒலிப்பதிவுக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. ஜாஸில் இன்சர்டும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தி, விட்டுவிட்டு எஸ் அழுத்தினால் இதே வசதி.

சிலர் என்விடிஏவின் ஸ்லீப் முறையைப் பயன்படுத்தச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அதன் கட்டளை, டெஸ்க்டாப் கீ அமைப்பில், என்விடிஏ கீ, ஷிஃப்ட், எஸ். என்விடிஏ கீ சரியாக அழுந்தாவிட்டால் ஆடாசிட்டிக்குப் போய்ச் சேர்வது ஷிஃப்ட் எஸ் மட்டும். அது டிராக்கை 'சோலோ'வில் போடும் கட்டளை, அதாவது அந்த டிராக்கை மட்டும் ஒலிக்கவிடும். ஸ்லீப் முறையில் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. சான்று வாங்கும் ஒரே கருவியை நாமே அணைத்துவைப்பதில் அர்த்தம் இல்லை.

படி 3: ஆடாசிட்டியில் மாற்ற வேண்டியவை

கண்ட்ரோல் பி (பாண்டிச்சேரியின் முதல் ஆங்கில எழுத்து) அழுத்தினால் 'பிரிஃபரன்சஸ்' என்ற அமைப்புப் பெட்டி திறக்கும். இடப்பக்கப் பட்டியலில் அம்புக்குறியால் நகர்ந்து, டேப் கீயால் உள்ளே போகலாம்.

'கீபோர்டு' பகுதியில் இயல்பாக இருப்பது சுருக்கமான தொகுப்பு. 'ஃபுல்' என்ற முழுத் தொகுப்புக்கு மாற்றுங்கள். கீபோர்டிலேயே வாழ்கிற நமக்கு வேண்டிய பல குறுக்குவழிகள் அதில்தான் இருக்கின்றன. 'ரெக்கார்டிங்' பகுதியில் 'டிடெக்ட் டிராப்அவுட்ஸ்' டிக் ஆகியிருக்க வேண்டும். இதன் பயன் பின்னால் வருகிறது. 'இன்டர்ஃபேஸ்' பகுதியில், நீண்ட வேலை முடிந்தால் பீப் ஒலி எழுப்பும் தேர்வைப் போடுங்கள். மாதிரி வீதம், முதல் படியில் பார்த்த அதே எண்; புதிய பதிப்புகளில் அது 'ஆடியோ செட்டிங்ஸ்' பகுதியில் இருக்கும், பழையவற்றில் 'குவாலிட்டி' பகுதியில்.

மைக்கை இணைத்த பிறகுதான் ஆடாசிட்டியைத் திறக்க வேண்டும். திறந்த பின் இணைத்தால் அது தெரியாது. 'டிரான்ஸ்போர்ட்' மெனுவில் 'ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்' கொடுக்க வேண்டியிருக்கும். ஷிஃப்ட் ஐ அழுத்தினால் உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியல் நேரே வரும். ஷிஃப்ட் ஓ வெளியீட்டுக்கு, ஷிஃப்ட் எச் ஒலி வழிமுறைக்கு, ஷிஃப்ட் என் மோனோவா ஸ்டீரியோவா என்பதற்கு. கருவிப்பட்டைகளுக்குள் டேப் அடித்துத் தேட வேண்டியதே இல்லை.

படி 4: பதிவுக்கு முன் வாங்க வேண்டிய சான்றுகள்

புதிய புராஜெக்டைத் திறந்ததும், பதிவுக்கு முன்பே கண்ட்ரோல் எஸ் கொடுத்துப் பெயர் வைத்துச் சேமியுங்கள். 'நாவல்-அத்தியாயம்-07' என்பதுபோல. பெயரில்லாத புராஜெக்ட் தற்காலிகக் கோப்புறையில் கிடக்கும்.

சரியான மைக்தானா? ஆர் அழுத்திப் பதிவைத் தொடங்கி, விரல் நகத்தால் மைக்கின் உடலை மெதுவாக இரண்டு தட்டு தட்டுங்கள். அப்புறம் லேப்டாப் மூடிக்கு மேலே, திரையின் விளிம்பில் இரண்டு தட்டு. ஸ்பேஸ் அழுத்தி நிறுத்தி, ஹோம் அழுத்தி ஆரம்பத்துக்கு வந்து, மறுபடி ஸ்பேஸ் அழுத்திக் கேளுங்கள். முதல் தட்டு காதை அடைப்பதுபோல் பக்கத்தில் கேட்க வேண்டும், இரண்டாவது எங்கோ தூரத்தில் கேட்க வேண்டும். மாறிக் கேட்டால் உள்மைக்கில் பதிவாகிக்கொண்டிருக்கிறது. குரலை மட்டும் கேட்டு இதைக் கண்டுபிடிப்பது சிரமம், ஏனென்றால் உள்மைக்கிலும் நம் குரல் வரத்தான் செய்யும்.

ஒலி அளவு சரியா? நீங்கள் வாசிக்கப் போகும் பகுதியிலேயே மிகச் சத்தமாக வரக்கூடிய இரண்டு வரியை, அதே வேகத்தோடு, 20 விநாடி பதிவு செய்யுங்கள். நிறுத்தி, கண்ட்ரோல் ஏ. 'எஃபெக்ட்' மெனுவில் 'ஆம்ப்ளிஃபை' திறந்தால் முதலில் ஓர் எண்ணை வாசிக்கும். உச்சம் 0 டெசிபலைத் தொட இன்னும் எவ்வளவு கூட்டலாம் என்று ஆடாசிட்டி கணக்குப் போட்டுச் சொல்லும் எண் அது. அதாவது 8 என்று வந்தால் உங்கள் உச்சம் மைனஸ் 8 டெசிபல். 6-இலிருந்து 12-க்குள் இருந்தால் அருமை. 0 அல்லது அதை ஒட்டி வந்தால் ஒலி உடைந்திருக்கிறது, மைக் அளவைக் குறைக்க வேண்டும். 20-க்கு மேல் என்றால் குரல் மிகவும் தாழ்ந்திருக்கிறது. எண்ணைத் தெரிந்துகொண்டதும் எஸ்கேப். எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடலாம். மீட்டரைப் பார்க்க முடியாதவர்களுக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் நான் அறிந்து இல்லை.

பதிவு ஓடும்போதே அளவு தெரிய வேண்டுமென்றால் கண்ட்ரோல் எஃப்6 அழுத்திக் கருவிப்பட்டைக்குப் போய், டேப் கீயால் ரெக்கார்ட் மீட்டரைப் பிடிக்கலாம். ஃபோகஸ், அதாவது கீபோர்டின் கவனம், அதில் வரும்போது அதுவரை எட்டிய உச்சத்தையும், உடைந்திருந்தால் 'கிளிப்டு' என்பதையும் சேர்த்துச் சொல்லும். பார்த்த பிறகு கண்ட்ரோல் எஃப்6 அழுத்தி டிராக் பகுதிக்குத் திரும்பிவிடுங்கள். ஃபோகஸ் ஒரு பொத்தானில் நிற்கும்போது ஸ்பேஸ் அழுத்தினால் அந்தப் பொத்தான்தான் அழுந்தும், பதிவு நிற்காது.

அறை அமைதியா? 10 விநாடி யாரும் பேசாமல் பதிவு செய்து, அதையும் உங்கள் குரலையும் ஒப்பிட 'அனலைஸ்' மெனுவில் 'கான்ட்ராஸ்ட்' இருக்கிறது. குரல் பகுதியைத் தேர்ந்து முன்னணியாக அளவிடச் சொல்லி, அமைதிப் பகுதியைத் தேர்ந்து பின்னணியாக அளவிடச் சொன்னால், இரண்டின் சராசரியும் வித்தியாசமும் எண்ணாக வரும். இணைய அணுகல் விதியான டபிள்யூசிஏஜி 1.4.7-க்காகவே இந்தக் கருவி ஆடாசிட்டியில் இருக்கிறது: பேச்சைவிடப் பின்னணி குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அந்த விதி. ஆனால் ஒலிப்புத்தகத்துக்கு 20 போதாது. ஒலிப்புத்தகங்களை விற்பனைக்கு ஏற்கும் ஏசிஎக்ஸ் தளம் கேட்பது, உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், குரலின் சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் நடுவில், பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. அங்கே விற்கப் போவதில்லை என்றாலும் குறிவைக்க நல்ல எண்கள். மின்விசிறியை நிறுத்தினாலே பின்னணி கணிசமாக இறங்கும். வேனிற்காலத்தில் கஷ்டம்தான், ஆனாலும் நிறுத்துங்கள்.

படி 5: பதிவு

சோதனைப் பதிவுகளை நீக்கி, டிராக் பகுதியில் இருக்கிறோம் என்பதை அம்புக்குறி அழுத்தி உறுதி செய்துகொண்டு, என்விடிஏவை ஆன் டிமாண்டில் போட்டு, ஆர் அழுத்துங்கள்.

உடனே பேசாதீர்கள். என்விடிஏ கீயோடு எண்ட் அழுத்துங்கள். என்விடிஏவில் லேப்டாப் கீ அமைப்பு என்றால் ஷிஃப்டும் சேர்த்து. ஸ்டேட்டஸ் பார் காதில் விழும்: 'ரெக்கார்டிங்' என்ற சொல்லும், வட்டில் இன்னும் எத்தனை மணி நேரத்துக்கு இடம் இருக்கிறது என்பதும். இதுதான் முதல் சான்று. அதன் பிறகு இரண்டு வரி வாசித்து, ஸ்பேஸ் அழுத்தி நிறுத்தி, கேட்டுவிடுங்கள். திருப்தி என்றால் மறுபடி ஆர். இப்போதைய ஆடாசிட்டியில் ஆர் அழுத்தினால் இருக்கிற டிராக்கின் முடிவிலிருந்தே தொடரும் என்பதால் எதுவும் அழியாது. புதிய டிராக்கில் வேண்டும் என்றால் மட்டும் ஷிஃப்ட் ஆர்.

ஆர் அழுத்தியும் எதுவும் நடக்கவில்லையா? பெரும்பாலும் ஒரு லேபிள் திறந்திருக்கும். கண்ட்ரோல் பி போய் 'பிரிஃபரன்சஸ்' திறக்க நினைத்து கண்ட்ரோல் பியில் உள்ள ஆங்கில எழுத்தை மாற்றி அழுத்தியிருப்பீர்கள். இரண்டு எழுத்தும் தமிழில் 'பி' என்றுதான் எழுதப்படும். பெங்களூரின் முதல் எழுத்தோடு கண்ட்ரோல் அழுத்தினால் லேபிள் திறக்கும். பாண்டிச்சேரியின் முதல் எழுத்தோடு என்றால் பிரிஃபரன்சஸ். லேபிள் திறந்திருக்கும்போது அழுத்தும் எழுத்தெல்லாம் லேபிளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். என்டர் அழுத்தினால் மூடிவிடும்.

வாசிப்பில் தடுமாறினால் இரண்டு வழி. நிறுத்தாமல் விரலைச் சொடுக்கிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி வாசிக்கலாம், பின்னால் வெட்டிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது 'பஞ்ச் அண்ட் ரோல்'. ஸ்பேஸ் அழுத்திப் பதிவை நிறுத்தி, கொஞ்சம் பின்னாலிருந்து ஓடவிட்டு, தவறுக்கு முந்தைய வாக்கியம் முடிந்து மூச்சு விடும் இடத்தில் எக்ஸ் அழுத்துங்கள். ஒலி நிற்கும், கர்சரும் அங்கேயே நிற்கும். இப்போது ஷிஃப்ட் டி (டெல்லியின் முதல் ஆங்கில எழுத்து). கர்சருக்கு முந்தைய 5 விநாடி காதில் ஓடும். அது முடிகிற இடத்திலிருந்து பதிவு தானாகத் தொடங்கும். நம் குரலையே கேட்டுக்கொண்டு அதே சுருதியில் சேர்ந்துகொள்ளலாம். கர்சருக்குப் பின்னால் இருந்த பகுதி நீங்கிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஓர் அத்தியாயத்தை இப்படி முடித்தால் வெட்டும் வேலை கிட்டத்தட்ட இருக்காது, திரையைப் பார்க்கவும் தேவையில்லை. ஒலிப்புத்தகம் வாசிக்கிற ஒவ்வொருவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

அரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்தி, சேமித்து, தண்ணீர் குடியுங்கள். மூன்று மணி நேரத்தை ஒரே புராஜெக்டில் அடைக்காமல் அத்தியாயத்துக்கு ஒன்று என்று பிரித்தால், ஏதாவது கெட்டாலும் ஓர் அத்தியாயத்தோடு போகும்.

திரும்ப எடுக்கவே முடியாத நேர்காணல் போன்றவற்றுக்கு இரண்டாவது பதிவுக் கருவி ஒன்றும் ஓடட்டும், ஒரு கைப்பேசியாவது. காசு செலவழிக்க முடிந்தவர்களுக்கு, ஒலிப்பதிவுக் கருவிகள் செய்யும் ஜூம் நிறுவனம் (வீடியோ அழைப்பு ஜூம் அல்ல) 2024-இல் கொண்டுவந்த எச்1 எசென்ஷியல், எச்4 எசென்ஷியல், எச்6 எசென்ஷியல் கருவிகள் மெனுவைக் குரலில் வாசித்துச் சொல்கின்றன. 32 பிட் ஃப்ளோட்டில் பதிவதால் ஒலி அளவைப் பற்றிய கவலையும் குறையும்.

படி 6: நிறுத்திய பிறகு

பதிவை நிறுத்தியதும், சில இடங்களில் ஒலி தவறிவிட்டது என்று ஒரு பெட்டி வரலாம். முன்பு 'டிடெக்ட் டிராப்அவுட்ஸ்' போட்டது இதற்காகத்தான். கணினிக்கு வேலைப்பளு கூடி, மைக்கிலிருந்து வந்த ஒலியின் துணுக்குகள் விட்டுப்போயிருக்கின்றன. பெட்டியை மூடினால் ஒரு லேபிள் டிராக் உருவாகியிருக்கும். அந்த டிராக்குக்குப் போய் டேப் அழுத்த அழுத்த, தவறிய ஒவ்வோர் இடத்துக்கும் கூட்டிப்போகும். சொல்லுக்கு நடுவில் விட்டிருந்தால் அந்த வாக்கியத்தை மறுபடி வாசிப்பதுதான் வழி. இது அடிக்கடி வந்தால் பிரவுசரை மூடுங்கள், வைஃபையை அணையுங்கள், வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்த நேரத்தில் சோதனை நடத்தாமல் பாருங்கள். யுஎஸ்பி மைக்கை ஹப்பில் செருகியிருந்தால் எடுத்துக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பிரிஃபரன்சஸில் 100 மில்லி விநாடியாக இருக்கும் பஃபர் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்.

'அனலைஸ்' மெனுவில் 'ஃபைண்ட் கிளிப்பிங்' இருக்கிறது. ஒலி உடைந்த இடங்களை அதுவும் லேபிளாகப் போட்டுக் கொடுக்கும். மற்றவர்கள் அலைக்கோட்டில் தேடுவது நமக்குப் பட்டியலாகக் கிடைக்கிறது.

நடுவில் கணினி அணைந்துவிட்டால் பதற வேண்டாம். ஆடாசிட்டியை மறுபடி திறந்தால் மீட்புப் பெட்டி வரும். அதில் 'ரிகவர் செலக்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே 'டிஸ்கார்டு' இருக்கிறது, அவசரத்தில் என்டரைத் தட்டிவிடாமல் பொத்தானின் பெயரை முழுதாகக் கேட்ட பிறகு அழுத்துங்கள். புராஜெக்ட் கோப்புக்குப் பக்கத்தில் பெயரின் முடிவில் 'வால்' என்று ஒலிக்கும் இன்னொரு கோப்பு இருந்தால் அதைக் குப்பை என்று நினைத்து அழிக்கக் கூடாது. கடைசியாகப் பதிவான ஒலி அதில் இருக்கலாம்.

படி 7: வெட்டி ஒட்டுவது

கர்சரை நகர்த்தும்போது ஒன்று குழப்பும்: ஒலி நின்றிருக்கும்போது இடது, வலது அம்புக்குறி எவ்வளவு தூரம் நகரும் என்பது திரையின் ஜூம் அளவைப் பொறுத்தது. திரையைப் பார்க்காத நமக்கும் ஜூம் முக்கியம் என்றால் ஆச்சரியமாக இருக்கும், ஆனால் உண்மை. அம்புக்குறி பெரிய பெரிய தாவலாகப் போனால் கண்ட்ரோல் 1 அழுத்திப் பெரிதாக்குங்கள், மயிரிழையாக நகர்ந்தால் கண்ட்ரோல் 3. கண்ட்ரோல் 2 இயல்பு நிலைக்குக் கொண்டுவரும்.

நீக்க வேண்டிய பகுதியைக் குறிக்க, ஒலி ஓடும்போதே இடது சதுர அடைப்புக்குறிக் கீயால் தொடக்கத்தையும், வலது சதுர அடைப்புக்குறிக் கீயால் முடிவையும் போடுங்கள். பிறகு ஷிஃப்ட் எஃப்5 தொடக்கத்துக்குச் சற்று முன்புள்ளதையும், ஷிஃப்ட் எஃப்6 அதற்குப் பின்புள்ளதையும், ஷிஃப்ட் எஃப்7, ஷிஃப்ட் எஃப்8 முடிவின் இரு பக்கத்தையும் ஒலித்துக் காட்டும். இந்த நான்கையும் கேட்டால் வெட்டு எங்கே விழும் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். சி அழுத்தினால், வெட்டிய பிறகு எப்படி இணையும் என்பதை வெட்டாமலே கேட்கலாம். பிடித்திருந்தால் டெலீட்.

தமிழ் வாசிப்பில் ஒரு எச்சரிக்கை. மௌனத்தைத் தானாகச் சுருக்கும் 'டிரங்கேட் சைலன்ஸ்' கருவியைக் கடுமையாகப் போட்டால், 'வந்தது' என்பதன் இறுதி உகரம்போலத் தேய்ந்து முடிகிற ஒலிகளும் மௌனம் என்று வெட்டுப்படலாம். இரைச்சல் குறைப்பில் 6-இலிருந்து 12 டெசிபலுக்கு மேல் போனால் குரலில் தகரச் சத்தம் ஏறும்.

படி 8: ஏற்றுமதியும் கடைசிச் சோதனையும்

கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ. முதலில் ஒரு டபிள்யூஏவி கோப்பு, அது மூலப்பிரதி. பிறகு பகிர எம்பி3. இரண்டையும் ஆடாசிட்டியில் கேட்காமல் விஎல்சி போன்ற வேறொரு மென்பொருளில் திறந்து, மொத்த நேரத்தைக் கேளுங்கள். ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடத்தில் கொஞ்சம் ஓடவிடுங்கள். கோப்பு மௌனமாக இருந்தால் டிராக் மியூட்டில் கிடந்திருக்கும். ஷிஃப்ட் யூ அதை மாற்றும். நேரம் கூடுதலாகக் காட்டினால் டிராக்கின் கோடியில் ஏதோ துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. புராஜெக்ட் கோப்பை இன்னொரு வட்டுக்கு நகலெடுத்த பிறகுதான் அடுத்த வேலை.

ரீப்பரைப் பற்றிச் சுருக்கமாக

பல குரல், இசை, நாடகம் என்று போகிறவர்களுக்கு ஆடாசிட்டி ஒரு கட்டத்தில் போதாது. அப்போது ரீப்பர். 60 நாள் சோதித்துப் பார்த்து வாங்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். அதை ஸ்கிரீன் ரீடரோடு பேசவைப்பது ஓசாரா என்ற இலவச நீட்சி; தொடங்கியவர் என்விடிஏவின் அதே ஜேம்ஸ் டெஹ். விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். எஃப்12 அழுத்தினால் கீ உதவி முறை வரும். எந்தக் கீயை அழுத்தினாலும் அது என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும். அதிலுள்ள 'பீக் வாட்ச்சர்', நீங்கள் குறித்த அளவை ஒலி தாண்டினால் தானாகவே சொல்லிவிடும். மீட்டரைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆடாசிட்டியிலும் இப்படி ஒன்று வர வேண்டும்.

புதிய பதிப்பு வந்தால்

ஒரு புத்தகம் பாதியில் இருக்கும்போது ஆடாசிட்டியையோ என்விடிஏவையோ புதுப்பிக்காதீர்கள். புதிய ஆடாசிட்டியில் சேமித்த புராஜெக்டைப் பழையது திறக்க மறுக்கலாம். இரண்டுக்குமே நிறுவாமல் ஓடும் போர்ட்டபிள் வடிவம் உண்டு. புதியதை அப்படித் தனிக் கோப்புறையில் வைத்து, சோதனைப் புராஜெக்ட் ஒன்றில் பழகிப் பாருங்கள்.

முன்பு வாசிக்கப்பட்ட ஒன்று புதிய பதிப்பில் வாசிக்கப்படவில்லை என்றால், முதலில் என்விடிஏ கீயோடு கியூ அழுத்தி, நீட்சிகள் இல்லாமல் மறுதொடக்கம் செய்யும் தேர்வைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அதே நிலை என்றால் அது ஆடாசிட்டியின் குறை. நிரலாளர்கள் குறைகளைப் பதிந்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் ஆடாசிட்டியின் பக்கத்தில் எழுதுங்கள். விண்டோஸ், என்விடிஏ, ஆடாசிட்டி மூன்றின் பதிப்பு எண், ஃபோகஸ் எங்கே இருந்தது, எந்தக் கீயை அழுத்தினீர்கள், என்விடிஏ சொன்ன வார்த்தைகள் அப்படியே, முந்தைய பதிப்பில் என்ன சொன்னது என்பது. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பார்வையுள்ள நிரலாளரால் அதைத் தன் கணினியில் திரும்ப வரவழைத்துப் பார்க்க முடியாது. ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஐந்து விவரம் இருந்தால் போதும்.